ஒரு நாள் தர்மமும் மூன்று வருட மருத்துவமும்

(யூபிலி விழாவை முன்னிட்டு அன்னூரில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வழிதவறும் வாலிபரும் நமது கடமையும்' என்பது. அதில் பாதியை ஒதுக்கிவிட்டு, பணத்தைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். மனம் நொந்து, போதையில் விழுந்து, வீட்டாருக்கு அடங்காமல் போன பதினைந்து வயதுப் பிள்ளையைக் குணமாக்க யார் செலவு செய்வது? எத்தனை நாளைக்குச் செய்வது?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கு வருமுன் வேறொரு பங்கில் நான் வின்சென்ட் தே பவுல் சபைப் பொருளாளராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன், பஞ்சர் ஒட்டும் சொலூஷனைத் துணியில் நனைத்து முகர்ந்துகொண்டு திரிந்தான். இரவில் தூக்கமில்லை. தாயை அடித்தான், தன்னையும் காயப்படுத்திக்கொண்டான். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் துண்டை விரித்தோம். ஒரே நாளில் ரூ. 60,000 சேர்ந்தது. நம் கொங்குச் சனங்களின் கை தாராளத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

வெளியூரில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் ரூ. 12,000. ஐந்தாம் மாதம் பார்க்கப் போனேன். பையன் முகம் தெளிந்திருந்தது. "வாங்க சார், சாப்ட்டீங்களா?" என்று அவனே கேட்டான். இல்லத்துப் பொறுப்பாளர் என்னைத் தனியே அழைத்து, "இப்போதுதான் வாய் திறந்து பேசுகிறான். வேலையே இனிமேல்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷமாவது வேண்டும்" என்றார்.

சபைக் கூட்டத்தில் நான் எழுதிய தீர்மானம் இது: 'பையன் குணமடைந்துவிட்டபடியால் உதவி நிறுத்தப்படுகிறது.' பணம் தீர்ந்துபோயிற்று. அதனால் அவன் குணமடைந்துவிட்டான் என்று எழுதினேன்! அந்த நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையெழுத்து இன்னும் இருக்கிறது.

அவன் தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "ஏனுங் சார், இன்னொரு ஆறு மாசத்துக்கு ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா? தறி ஓட்டிக் கட்டிப்போடறனுங்க" என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த மாதம் கோவிலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கினோம். அந்த வசூலில் குறைவில்லை. பையன் வீடு திரும்பி நாற்பது நாள் சுமாராக இருந்தான். மாத்திரை நின்றது. பிறகு ஒரு விடியற்காலையில் போனவன்தான், திரும்பவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நூறு பிள்ளைகள் உட்காரும் மண்டபத்தில் ஏழு பேர். எலும்பு முறிந்தால் சில வாரம் கட்டுப் போட்டால் கூடிவிடும். இதிலோ மருந்து ஒரு பங்குதான். மீதி பேச்சு, தூக்கம், கைத்தொழில், படிப்பு, பெற்றோரையும் கூட உட்காரவைத்துப் பேசுவது. செலவில் பெரும்பகுதி ஆலோசகருக்கும், சமூக ஊழியருக்கும், இரவில் விழித்திருப்பவருக்கும் சம்பளம். அறை கட்டிக் கொடுத்தால் வாசலில் கல்வெட்டுப் பதிக்கலாம். சம்பளத்தில் எங்கே பதிப்பது? உபகாரிகளுக்கு அதில் ருசியில்லாமல் போவது அதனால்தான்.

புனித தொன் போஸ்கோவுக்கும் இதே கஷ்டம் இருந்தது. 1846இல் துரின் நகரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளைச் சேர்த்தவர், அவர்களுக்குச் சோறு போடக் கடன் வாங்கினார். லாட்டரி கூட நடத்தினார். (தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது; விழாக் குழுவினர் அந்த யோசனைக்குப் போக வேண்டாம்!) அவருடைய சலேசிய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். கோவை உக்கடத்திலுள்ள அன்பு இல்லம் அவர்கள் நடத்துவதே.

பணம் இல்லாமை ஒரு கேடு என்றால், பணம் குவிந்து தூங்குவது இன்னொரு கேடு. அமெரிக்காவில் ஒமாஹா நகரில் ஃபிளனகன் சுவாமியார் 1917இல் 90 டாலர் கடன் வாங்கி, ஒரு வாடகை வீட்டில் 'பாய்ஸ் டவுன்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பிறகும், ஏழைச் சிறுவருக்கு உதவுங்கள் என்று லட்சக்கணக்கில் கடிதங்கள் தேசமெங்கும் போய்க்கொண்டிருந்தன. 1972இல் அவ்வூர்ச் சிறு பத்திரிகை ஒன்று கணக்கைத் தோண்டியது. எழுநூறுக்கும் குறைவான பிள்ளைகள் இருந்த அந்த இல்லத்தின் சொத்து 20 கோடி டாலருக்கும் மேல்! கடிதம் போடுவது மட்டும் நிற்கவில்லை. பத்திரிகைக்கு 1973இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இல்லத்துக்கும் நன்மை கிடைத்தது என்பேன். அதன்பின் பெரிய விடுதி முறை மாறி, கணவன் மனைவியும் சில பிள்ளைகளும் ஒரே வீடாக வாழும் முறை வந்தது. கொடுப்பவர் கணக்குக் கேட்பதும் தர்மத்தில் சேர்ந்ததே.

அரசாங்கம் தராதா, கம்பெனி தராதா என்று கேட்பீர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் ரூ. 4,000 உண்டு, அவசியம் மனுப் போடுங்கள், ஆனால் அது போதாது. 2017ஆம் வருட மனநலச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதுபோல் மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு அது உதவும். பிறகு வரும் இரண்டு வருஷத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டு உதவிக்கு 2020ஆம் வருடத் திருத்தத்தால் கட்டுப்பாடு அதிகம். ஓர் அமைப்பு பெற்ற பணத்தை மற்றோர் அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் வருடச் சட்டம். தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை தொடரும் திட்டத்துக்கும் அதில் இடமுண்டு. மில் நிர்வாகத்தாரிடம் செல்வாக்குள்ளவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். கட்டடம் கேட்காதீர்கள், ஓர் ஆலோசகரின் மூன்று வருடச் சம்பளம் கேளுங்கள்.

எங்கே அனுப்புகிறோம் என்பதிலும் கண் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டவர்களும் குணமாகும் என்று நம்பித்தான் விட்டார்கள். பதிவு பெற்ற இடமா, மனநல மருத்துவர் வருகிறாரா, பிள்ளையோடு தனியே பேச விடுகிறார்களா என்று கேளுங்கள். மனநல மருத்துவமனையில் சிறுவர் 30 நாள் தாண்டித் தங்கினால் மறுசீராய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். கேள்வி கேட்டால் கோபிக்கிற இடத்துக்கு நம் காசும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம்.

அத்திக்கடவுத் தண்ணீருக்குப் பல பத்தாண்டுகள் காத்திருந்து 2024இல் கண்ட சனங்கள் நாம். மூன்று வருஷம் நமக்குப் பெரிய காலமல்ல. நான் கேட்பது இதுதான்: நாற்பது குடும்பங்கள், மாதம் ரூ. 300 வீதம், முப்பத்தாறு மாதம். அது ஒரு பிள்ளைக்குச் சரியாக இருக்கும். ஒரே ஒரு பிள்ளை. இரண்டு என்று பேராசைப்பட்டால் இரண்டையும் பாதியில் விடுவோம். பையனோ பெண்ணோ, நம் சபையோ வேறு மதமோ, பெயர் யாருக்கும் சொல்லப்படாது. வரவு செலவு மட்டும் மாதாமாதம் கோவில் பலகையில் ஒட்டப்படும்.

நோட்டுப் புத்தகம் கெபிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாதம் எவ்வளவு என்று ஒரு கட்டமும், எத்தனை மாதம் என்று ஒரு கட்டமும் கோடு போட்டிருக்கிறேன். தயவுசெய்து இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.