நோய் தீர்ந்த சகோதரிக்குக் குழுவின் துணை

(திருப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உங்களிற் பலர் விடியற்காலையில் கம்பெனி வண்டியேறித் திருப்பூருக்குச் சென்று, ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னும் செக்கிங் மேஜையின் முன்னும் பகல் முழுதும் உழைத்துத் திரும்பியவர்கள். அந்தக் களைப்பையும் பொருட்படுத்தாமல் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்ய நான் எண்ணவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய சகோதரிகளின் உடல் எடையைப் பற்றியும், அதைக் குறைப்பதில் நம் குழுக்கள் செய்யக்கூடிய உதவியைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

"உயிர் பிழைத்ததே பெரிது; எடை கூடினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பிழைத்த உயிர் நெடுங்காலம் நலமுடன் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே இதைப் பேசுகிறோம்.

நம் நாட்டுப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. ஆயினும், காலத்தில் கண்டறிந்து முறையாகச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பலர் குணமடைந்து பல்லாண்டு வாழ்கின்றனர். அறுவையும், கீமோவும், நம் மக்கள் 'கரண்டு வைப்பது' என்று கூறும் கதிர்வீச்சும் முடிந்து ஒரு சகோதரி வீடு திரும்பும்போது, ஆஸ்பத்திரியின் வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஊரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

ஊர் என்ன செய்கிறது? உறவினர் வந்து பார்க்கின்றனர். மெலிந்துபோன முகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள், அது பூரித்திருப்பதைக் கண்டு, "உடம்பு நன்றாகத் தேறிவிட்டாய், அம்மிணி!" என்று மகிழ்கின்றனர். ஆட்டுக்கால் சூப்பும், நெய்யும், பலகாரமும் வந்து சேர்கின்றன. "அசையாதே, படுத்துக்கொள்" என்று வீட்டார் அன்போடு கட்டளையிடுகின்றனர். இந்த அன்பைக் குறை கூறுவாரில்லை. ஆனால் அந்தப் பூரிப்பு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கீமோ மருந்துடன் குமட்டலை அடக்குவதற்காகப் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்கப்படுகிறது. அது பசியைத் தூண்டும். உடலில் நீரையும் தேக்கும். களைப்பினால் நடமாட்டம் குறைகிறது. நாற்பது வயதுடைய பெண்ணுக்குக்கூடச் சிகிச்சையால் மாதவிடாய் முன்னதாகவே நின்றுவிடுவதுண்டு. அப்போது இடுப்பிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. அதே சமயத்தில் கை கால்களின் தசை குறைகிறது. ஆகவே, தராசு காட்டும் எடை கூடினாலும் உடலின் வலிமை கூடவில்லை. இது சிகிச்சையின் பின்விளைவேயன்றி அந்தச் சகோதரியின் சோம்பலோ பேராசையோ ஆகாது. இந்த ஒன்றை ஊரார் உணர்ந்தாலே அவளுடைய மனச்சுமையிற் பாதி இறங்கிவிடும்.

கூடிய எடை பல தொல்லைகளுக்கு வழிவகுக்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயமும் பருமனால் அதிகமாகிறது. அன்றியும், பருத்த உடலினரிடையே நோய் மீண்டும் தோன்றுவது சற்று மிகுதி என்று பல ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. எடையைக் குறைத்தால் நோய் திரும்பவே திரும்பாது என்று யாரும் உறுதி கூற இயலாது. அவ்வாறு கூறி மருந்து விற்போரை நம்பாதீர்கள். ஆனால் எடை குறைவதால் சர்க்கரையும், இரத்த அழுத்தமும், களைப்பும், மூட்டு வலியும் தணியும் என்பதில் ஐயமில்லை.

எல்லோரும் எடை குறைக்க வேண்டும் என்பதும் இல்லை. சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களும், மெலிந்து வாடியிருப்பவர்களும் இம்முயற்சியில் இறங்கலாகாது. டாக்டரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். இந்தியர்களுக்கென வகுத்த அளவின்படி, 150 செண்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் எடை 52 கிலோவுக்கு உட்பட்டிருப்பது நலம். 56 கிலோவுக்கு மேற்பட்டால் அது பருமன் ஆகும். அவள் 65 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே 13 கிலோ குறைய வேண்டும் என்று அவளை அச்சுறுத்த வேண்டாம். நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது மூன்றேகால் கிலோ குறைந்தாலே உடலுக்கு நன்மை தெரியத் தொடங்கும். ஆறு மாதத்தில் என்றால், மாதத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவுதான் முதற் கணக்கு.

கணக்கு எளிது, தனியொருத்தி அதை நடத்துவது எளிதன்று. வீட்டில் ஐந்து பேருக்குச் சமைப்பவள் அவளே. தனக்கென வேறு சமையல் செய்ய அவளுக்கு நேரமும் இல்லை, மனமும் வாராது. மீண்டும் வேலைக்குப் போனால் பீஸ் கணக்கில் கூலி. எழுந்து நடந்தால் கூலி குறையும். மாலையில் தனியே நடக்கப் போனால், "எங்கே போகிறாய்?" என்று கேட்பவர்கள் பத்துப் பேர். மார்பகம் அகற்றப்பட்ட கூச்சத்தால் தெருவில் இறங்கவே தயங்குகிறவர்களும் உண்டு. தனியாக இருப்பவளுக்கு இவை ஒவ்வொன்றும் பெருந்தடை. நால்வர் சேர்ந்தால் இவை தடையாக நில்லா.

இதை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் சுய உதவிக் குழுக்கள் தோன்றியபோது, ஏழைப் பெண்கள் பணம் சேர்க்க முடியுமா என்று ஐயுற்றோர் பலர். வாரந்தோறும் கூடிச் சிறு தொகை எடுத்து வைத்து, ஒருத்திக்கு இயலாத வாரத்தில் மற்றவர்கள் கை கொடுத்து, அந்த ஐயத்தைப் பொய்யாக்கினீர்கள். எடை குறைப்பதற்கும் அதே முறைதான்: சிறு அளவு, தவறாத நாள், பக்கத்தில் ஒரு துணை.

பெண்கள் கூடினால் புற்றுநோயையும் எதிர்த்து நிற்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், இந்திய மாதர் சங்கத்தின் வழியாக அவர் நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று நாடறிந்த அந்த நிலையத்திற்கு வித்திட்டது ஒரு மாதர் சங்கமே.

எடையைப் பற்றியும் இவ்வாறு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த, பருமனான 692 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2015-இல் வெளிவந்தது. குழுவாகக் கூடிப் பயின்றவர்கள் ஓராண்டில் தம் எடையில் சராசரியாக நூற்றுக்கு 6 பங்கு குறைந்தார்கள். மற்றவர்கள் ஒன்றரைப் பங்கே குறைந்தார்கள். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த 6 பங்கு 3.7 ஆகச் சுருங்கிவிட்டது. இழந்த எடை திரும்பி வரப் பார்க்கும் என்பதை இதனால் அறிகிறோம். சேமிப்பைப் போலவே இதிலும் குழு நிலைத்து நின்றால்தான் பலன் நிலைக்கும்.

இனி, குழு என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, நடை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடல் சற்றுச் சூடேறும்படி இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். அந்தச் சகோதரியோடு குழுவிலிருந்து இருவர் முறைவைத்து நடக்க வேண்டும். கம்பெனி வண்டியில் செல்பவர்கள் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கிச் சேர்ந்தே நடந்து வரலாம். நடப்பவர்களுக்கும் அது நன்மையே.

இரண்டாவது, தேநீர். தம்ளருக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு ஐந்து தம்ளர் குடித்தால் 50 கிராம். மாதத்தில் ஒன்றரைக் கிலோ! வேலையிடத்தில் தேநீருடன் பன்னும் வடையும் சேருகின்றன. ஒருத்தி மட்டும் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றால் கேலி பேசுவார்கள். ஒரே மேஜையில் நான்கு பேர் கூறினால் தேநீர்க்காரரே தனியாகப் போட்டுக் கொண்டு வருவார். வடைக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டலைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது, அடுப்படி. பட்டினி கிடப்பதால் தசையும் கரையும். தட்டில் சோற்றைக் குறைத்து, கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கீரை, காய்களை மிகுதியாக்க வேண்டும். முட்டையும் மீனும் உண்பவர்கள் பொரிக்காமல் உண்ணலாம். கம்பும் சோளமும் ராகியும் நம் கொங்குச் சீமையின் பழைய உணவுகள். அவற்றையும் அளவறிந்தே உண்ண வேண்டும். குழுவினர் தத்தம் வீட்டில் ஓர் எண்ணெய்ப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று எழுதி வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு முழுவதும் எண்ணெயைக் குறைத்தால், நோயுற்றவளுக்கென வேறு உலை வைக்க வேண்டியதில்லை. பார்க்கப் போகிறவர்களும் இனிப்புப் பொட்டலத்திற்குப் பதில் கொய்யாவோ நெல்லிக்காயோ வாங்கிச் செல்லலாம்.

நான்காவது, மாத்திரை. சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டும் அதற்கு மேலும் உட்கொள்ளும்படி டாமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளைப் பலருக்குக் கொடுக்கின்றனர். "மாத்திரையால்தான் உடம்பு ஊதுகிறது" என்று எண்ணித் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இது பேராபத்து. நோய் திரும்பாதிருக்க அந்த மாத்திரை காவல் நிற்கிறது. தொல்லை இருந்தால் டாக்டரிடம் கூற வேண்டும், நிறுத்தலாகாது. எடை குறைக்கும் பொடி, கஷாயம் ஆகியவற்றையும் டாக்டரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

ஐந்தாவது, மானம். எடையைக் கூட்டத்தில் உரக்கப் படிக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, அவளுடைய நோட்டில் அவளே குறித்துக்கொள்ளட்டும். யார் அதிகம் குறைத்தார் என்ற போட்டி வேண்டாம். ஒரு மாதம் கூடிவிட்டால் கடிந்துகொள்ள வேண்டாம். தவணை தவறியவளை நாம் குழுவை விட்டு விரட்டுவதில்லையே! உலகத்தாருக்கு உள்ளாடை தைத்து அனுப்பும் கைகள் உங்களுடையவை. புண் ஆறிய பின், மார்பகம் இழந்த சகோதரி கூச்சமின்றி வெளியே வர, மெல்லிய பருத்தித் துணியில் அவள் அளவுக்கு ஓர் உள்மெத்தை தைத்துக் கொடுப்பது உங்களுக்கு அரைமணி வேலை.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவை செய்த பக்கத்துக் கையை அசைக்கவே கூடாது என்ற அச்சம் முன்பு எங்கும் இருந்தது. 1996-இல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற டாக்டர், இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படிப்படியாகப் பழக்கி நீண்ட படகொன்றில் துடுப்புப் போடச் செய்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. அவர்களைப் பின்பற்றி இன்று பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் இயங்குகின்றன. டாக்டரோ பிசியோதெரபி நிபுணரோ காட்டும் முறையில், சிறு அளவில் தொடங்கிக் கையைப் பழக்கலாம். வீக்கமோ கனமோ தோன்றினால் உடனே காட்ட வேண்டும்.

நொய்யலில் ஆண்டு முழுதும் படகு விட நீரோட்டமில்லை. ஆனால் நமக்குக் கும்மி இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மியை ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வழக்கத்தை மாற்றி, பெண்களுக்கும் கற்பித்த கோவைப் பகுதிக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இன்று நம் ஊர்த் திடல்களில் பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் நின்று ஆடுகின்றனர். அந்த வரிசையில் நோய் தீர்ந்த சகோதரிக்கும் ஓர் இடம் விடுங்கள். முடிந்த அளவு அவள் ஆடட்டும். களைத்தால் உட்கார்ந்து தாளம் போடட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் உங்கள் குழுக்களிலிருந்து சென்றவர்களே. அவர்களையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. ஆலோசனை கேட்க நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை.

நான் வேண்டுவது ஒன்றே. அடுத்த வாரம் கூடும்போது, கணக்கு நோட்டை மூடுவதற்கு முன், "நம் ஊரில் இந்தச் சிகிச்சை முடிந்து வந்தவர் யார்? அவருக்கு விருப்பமானால் நாளை அவரோடு நடக்கப் போகிறவர் யார்?" என்று கேளுங்கள். இருவர் முன்வந்தால் போதும், வேலை தொடங்கிவிடும்.