பாடலில்லாப் படத்தில் ஒரு கண்ணகி



ஆலைச் சங்கு ஓய்ந்தபின் கூடிக் கவிதை பேசும் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பாடலே இல்லாத படத்தைப் பற்றிப் பேசுவது துணிச்சல்தான். ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' அது. பாட்டை விலக்கிய இயக்குநர் எஸ். பாலசந்தரோ வீணை மேதை!

1943 அக்டோபரில் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னையே களம். வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். சிவாஜி கணேசன் ஏற்ற நாயகன், தொடக்கத்திலேயே பிணம். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். அண்டை வீட்டார், உடன்பிறந்தவன், அவன் மனைவி, காதலி, ராஜனின் மனைவி என ஐவர்மீதும் ஐயம் படர்கிறது. ஒவ்வொருவர் சொல்லிலும் வேறொரு ராஜன் எழுகிறான். குரோசவாவின் 'ரஷோமான்' (1950) நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அங்கே உண்மை கடைசிவரை நழுவுகிறது, இங்கே பிடிபடுகிறது.

பிடிபடும் இடம் மனைவி உஷா. தன் அறிவைத் தாய்நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் பகைவர்க்கு ஒற்றனான கணவன், அவள் கைத்துப்பாக்கிக்கே இரையாகிறான். பண்டரிபாயின் அடங்கிய நடிப்பு அக்காட்சியைத் தாங்குகிறது.

சிலப்பதிகாரத்தில் ஆராயாமலே கொலை நிகழ்ந்தது. கணவனின் பழி துடைக்கக் கண்ணகி அரசவை புகுந்தாள். இங்கே ஆராய்ச்சி முழுமையாக நடக்கிறது; அதன் முடிவில் நிற்பவள், நாட்டின்பொருட்டுக் கணவனையே எதிர்த்தவள். கணவனே தெய்வம் என்று திரையும் மேடையும் ஓயாது முழங்கிய நாளில் அப்படியொருத்தியைப் படைத்தார்கள்.

கண்ணகிக்குக் காப்பியம் உண்டு. உஷாவைப் பற்றி ஒரு கவிதைகூட இவ்வட்டத்தின் பத்தாண்டு ஏடுகளில் இல்லை.