பாலர்க்கு எண்ணறிவு

(ஆர்.கே.பேட்டையில் நம் சங்கத்துக் குடும்பத்தார் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சிறு குழந்தைகளுக்கு எண்ணறிவு ஊட்டுதல் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு எம்மைப் பணித்தனர். கல்வி என்றவுடன் நம் சங்க மேடைகளிற் பெரும்பாலும் கல்லூரியும், உத்தியோகமும், உபகாரச் சம்பளமுமே பேசப்படுவன. அவை வேண்டற்பாலனவே. எனினும், யாம் இன்று பேசப் புகுவது மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள பாலரைப் பற்றியே. பாவு ஓட்டும்போதே இழை தவறியிருப்பின், தறியில் ஏற்றிய பின் எவ்வளவு கைத்திறன் காட்டினும் துணி நேர்படாது என்பதை நெசவுத் தொழிலிற் பிறந்து வளர்ந்த உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

முதற்கண் எம்முடைய பிழை ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ளல் முறையாகும். நம் குழந்தைகள் விழாவில் ஆண்டுதோறும் எண் ஒப்பித்தற் போட்டி வைத்து வந்தோம். ஒன்று முதல் நூறு வரை தடையின்றி, விரைவாக ஒப்பிக்கும் குழந்தைக்குப் பரிசு. ஓர் ஆண்டில் நான்கரை வயதுப் பெண் குழந்தை ஒன்று நூறு வரை பிசகாமற் சொல்லி முதற் பரிசு பெற்றது. தீர்ப்புச் சொன்னவர் யாமே. கூட்டம் முடிந்த பின், அக்குழந்தையை அருகழைத்து, “அம்மா, அங்கே தட்டிலிருந்து ஏழு வாழைப்பழம் எடுத்து வா” என்றோம். இரு கையும் கொள்ளுமளவு எடுத்து வந்தது. அவை நான்கு. “எத்தனை கொண்டுவந்தாய்?” என்றோம். “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்றது. “சரி, எத்தனை?” என்று மீண்டும் வினவ, மீண்டும் “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்றே சொல்லிற்று. எத்தனை என்னும் வினாவுக்கு எண்ணிக் காட்டுவதே விடை என அக்குழந்தை கருதியது. கடைசியிற் சொன்ன நான்கு என்பதே அத்தொகை என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. குற்றம் அதன்மேலதன்று. ஓசைக்குப் பரிசளித்த எம்மேலதே.

அன்பர்களே, எண்ணின் பெயர் வேறு, எண் வேறு. பெயரைக் கிளியும் சொல்லும். குழந்தை எண்ணக் கற்பதில் அடங்கியுள்ள நுட்பங்களை அமெரிக்க உளநூல் அறிஞர்களாகிய கெல்மன், காலிஸ்டல் என்னும் இருவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஐந்தாக வகுத்துரைத்தனர். பொருள் ஒன்றுக்குச் சொல் ஒன்றே என்பது முதலாவது. சொற்கள் என்றும் ஒரே வரிசையில் வரவேண்டும் என்பது இரண்டாவது. கடைசிச் சொல்லே தொகை என்பது மூன்றாவது. எப்பொருளையும் எண்ணலாம் என்பது நான்காவது. எப்பக்கமிருந்து தொடங்கினும் தொகை மாறாது என்பது ஐந்தாவது. நம் வீடுகளிற் கற்பிக்கப்படுவது இவற்றுள் இரண்டாவது ஒன்றே. ஏனைய நான்கும் தாமே வந்துவிடும் என்று இருந்துவிடுகின்றோம்.

இயற்கை குழந்தைக்கு ஒரு முதலை அளித்தே அனுப்புகின்றது. ஐந்து மாதக் கைக்குழந்தைகளிடம் காரென் வின் என்னும் அம்மையார் நடத்திய ஆராய்ச்சி 1992-இல் வெளிவந்தது. ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்து, இன்னொன்றையும் குழந்தை காணத் திரைக்குப்பின் வைத்து, பின் திரையை நீக்கும்போது ஒன்றே இருந்தால் குழந்தை நெடுநேரம் உற்று நோக்கிற்றாம். இரண்டு இருந்தால் அவ்வளவு நோக்கவில்லையாம். ஒன்று, இரண்டு, மூன்று என்னும் சிறு தொகைகளைக் கண்டவுடன் உணரும் ஆற்றல் இவ்வாறு இளமையிலேயே தோன்றுகின்றது. அதற்கு மேற்பட்ட தொகைகளுக்குச் சொல்லும், பழக்கமும், பெரியோர் துணையும் வேண்டும். அத்துணையைத் தருவது நம் கடமை.

எவ்வாறு தருவது? நம் திருத்தணிகை மலையையே முதற் பாடசாலையாகக் கொள்ளலாம். அங்கே 365 படிகள் உள. ஆண்டின் நாட்களுக்கு அவை ஈடாகப் போற்றப்படுகின்றன. டிசம்பர் 31-ஆம் நாள் நடைபெறும் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து அடியார்கள் ஏறுகின்றனர். குழந்தையின் கையைப் பிடித்து ஏறும்போது, ஒரு படிக்கு ஒரு சொல்லாகப் பத்துப் படி எண்ணி நில்லுங்கள். “எத்தனை படி ஏறினோம்?” என்று கேளுங்கள். “பத்து” என்று நீங்களே ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். மீண்டும் பத்து ஏறி நில்லுங்கள். அடுத்த படி ஏறினால் ஒன்று கூடும். ஒரு படி இறங்கினால் ஒன்று குறையும். எண் என்பது ஏறிச் செல்லும் ஒழுங்கு என்பதைக் கால் உணர்ந்தால் கருத்தும் உணரும். முப்பது படிக்குள் குழந்தை களைத்துவிடின் தூக்கிக்கொள்ளுங்கள். பாடம் அத்துடன் போதும்.

நிற்க, நம் வீடுகளை நோக்குவோம். நெசவாளர் வீட்டைப்போல் எண் நிறைந்த வீடு பிறிதில்லை. பாவின் இழை எண்ணிக்கை, அச்சின் பல் எண்ணிக்கை, கட்டத்துக்குக் கட்டம் மாறும் நிறத்தின் இழைக் கணக்கு, சுற்றிய தார் எத்தனை, நெய்த மீட்டர் எத்தனை என எங்கும் எண்ணே. நூலின் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 840 கஜம் நீளமுள்ளது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் 40 சிட்டம். 80-ஆம் நம்பர் என்றால் 80 சிட்டம். எண் ஏற ஏற நூல் மெலிகின்றது. இவ்வளவு நுட்பமான கணக்கை விரல் நுனியால் அறிந்த நம் தந்தையர், குழந்தைக்கு அதிலொன்றையும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. விசைத்தறி ஓசையிற் சொன்னாலும் காதில் விழாது என்பது மெய்யே. ஆயினும் தறி நின்ற வேளை உண்டன்றோ?

தறி வேலையிற் குழந்தைகளை அமர்த்துமாறு யாம் சொல்வதாக ஒருவரும் கருதற்க. ஓடும் தறியருகே குழந்தை வருதலே ஆகாது. யாம் வேண்டுவது பேச்சு மட்டுமே. காலித் தார்க்குச்சிகளைக் கூடையில் இடும்போது ஒவ்வொன்றாக எண்ணி இடச் செய்யுங்கள். பத்துக் குச்சியை ஒரு கட்டாகக் கட்டச் செய்யுங்கள். இரண்டு கட்டும் மூன்று குச்சியும் சேர்ந்தால் இருபத்து மூன்று. சாப்பாட்டு வேளையில், “நாம் ஐவர் இருக்கிறோம், தட்டு மூன்றுதான் இருக்கிறது, இன்னும் எத்தனை வேண்டும்?” என்று கேளுங்கள். தாய்மார்கள் கோலப்புள்ளி வைக்கும்போது அடுத்த வரிசைக்கு எத்தனை புள்ளி என வினவுங்கள். இவற்றுக்குக் காசு வேண்டாம். பொறுமை ஒன்றே வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவினின்றும் பிரிந்து சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினும் தெலுங்கு நம் தெருவைவிட்டுப் போகவில்லை. பள்ளியில் ஆங்கிலமும் வந்து சேர்ந்தது. ஆகவே, நம் குழந்தை ஒரே நாளில் மூன்று என்றும், மூடு என்றும், த்ரீ என்றும் கேட்கின்றது. தெலுங்கில் மூன்றைக் குறிக்கும் ‘மூடு’ கேட்டுக் கதவை மூடப்போன குழந்தையும் நம்மிடை உண்டு! இதனால் தீங்கில்லை. ஆனால் முதலில் ஒரு மொழியில், வீட்டில் பேசும் மொழியில், எண் வேரூன்ற வேண்டும். தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்பது சொல்லிலேயே தெரிகின்றது. ஆங்கிலத்து லெவனிலும் ட்வெல்விலும் அது தெரிவதில்லை. நம் மொழி தந்த இந்த உதவியை, நாகரிகம் கருதி நாம் தள்ளிவிடுதல் தகாது.

தமிழிலும் இடறும் இடம் உண்டு. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பன அவ்விடங்கள். எண்பத்தொன்பதுக்குப் பின் “எண்பத்திப் பத்து” என்று குழந்தை சொன்னால் சிரிக்கவேண்டா, அடிக்கவும் வேண்டா. அது ஒழுங்கைக் கண்டுகொண்டதற்கு அடையாளம் அப்பிழை. எட்டுக் கட்டோடு இன்னொரு கட்டை வைத்து, “ஒன்பது கட்டு; இதற்குப் பெயர் தொண்ணூறு” என்று காட்டினாற் போதும்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனம் செய்யப்பெற்றது. மனனம் மட்டுமென்று அதனை இகழ்வோர் உளர். ஆயின் அங்கே நெல்லிலக்கம் என்று முகத்தலளவையும், பொன்னிலக்கம் என்று நிறுத்தலளவையும் பயின்றனர். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று என்று நிலத்தோடும் நெல்லோடும் சேர்த்தே பின்னம் உருவேறிற்று. நாமோ மனனத்தை வைத்துக்கொண்டு மரக்காலைக் கைவிட்டோம்.

விளையாட்டின் பயனும் இன்று ஆராயப்பெற்றுள்ளது. அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலருக்கு, ஒன்று முதல் பத்து வரை ஒரே வரிசையிற் கட்டமிட்ட பலகையில் காய் நகர்த்தும் ஆட்டத்தைச் சீக்லர், ரமணி என்னும் அறிஞர்கள் கற்பித்தனர். மொத்தம் ஒருமணி நேர அளவு ஆடியதிலேயே, எது பெரிது எது சிறிது என்னும் அறிவு அக்குழந்தைகளிடம் உயர்ந்ததென 2008-இல் எழுதினர். எண்ணின்றி நிறம் மட்டும் உள்ள பலகையில் ஆடியவர்களுக்கு அப்பயன் இல்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஐந்தாம் கட்டத்திலிருந்து இரண்டு நகரும்போது “ஒன்று, இரண்டு” எனச் சொல்லாமல் “ஆறு, ஏழு” எனச் சொல்லி நகர்த்த வேண்டும். பல்லாங்குழியும் இத்தகையதே. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து வைத்தால் எழுபது முத்து. குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லுதல் பொருளுக்கு ஒரு சொல் என்னும் நியமத்தின் வடிவமே.

ஆனால் விளையாட்டு மட்டுமே போதுமென்று எண்ணிவிடவும் கூடாது. தில்லியில் ஏழைக் குழந்தைகளிடையே நான்கு மாதம் கணித விளையாட்டுகள் நடத்திக் கண்ட முடிவு 2017-இல் வெளியாயிற்று. தொகையை உணரும் ஆற்றல் நெடுநாள் நிலைத்தது. பள்ளிக் கணக்கிலோ அதனால் உயர்வு காணப்பெறவில்லை. மேலும், கல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் சிறுவரை ஆராய்ந்த கட்டுரை 2025-இல் வந்தது. கடையில் மனக்கணக்காகப் பிழையின்றிப் பணம் வாங்கிய சிறுவர், அத்தகைய கணக்கையே பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளிக் கணக்கிற் சிறந்த மாணவரோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். கைக்கணக்கும் பலகைக் கணக்கும் தாமே ஒன்றோடொன்று சேரா. ஒருவர் இடைநின்று முடிச்சிட வேண்டும் என்பது இதனாற் போதரும். பாவும் ஊடையும் தனித்தனியே கிடந்தால் நூலே; சேர்த்து நெய்தாலன்றோ துணி? ஆகவே, ஏழு முத்தை எண்ணி முடித்தவுடன், “ஏழு” என்று வாயாற் சொல்லி, 7 என்று பலகையில் எழுதுங்கள். முத்து, சொல், எழுத்து மூன்றும் ஒரே வேளையிற் சேரட்டும்.

இது சிறு செய்தியன்று. நம்மிற் பலர் நெய்த மீட்டருக்கும் கூலிக்கும் பிறர் எழுதிய கணக்கை அப்படியே ஏற்று, கழித்தது ஏன், கூட்டியது எவ்வாறு என்று கேட்க நாவெழாமல் நின்றதுண்டு. துணியில் ஓரிழை தப்பினாற் கண்டுபிடிக்கும் கண்கள், தாளில் ஓர் இலக்கம் தப்பினாற் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் அறிவிலிகள் அல்லர். கையறிந்த எண்ணை எழுத்தோடு சேர்த்துக் கொடுப்பார் இளமையில் இல்லாமற் போயினர். அந்நிலை நம் மக்களுக்கு, சிறப்பாக நம் பெண் மக்களுக்கு, வரவேண்டா.

அரசினரும் இத்துறையில் முயன்றுள்ளனர். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டுமென்னும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்திலேயே தொடங்கப்பெற்றது. அதில் குழந்தைகளை வயதால் மட்டும் பிரியாமல், அறிந்த அளவு நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகக் கொண்டனர். உங்கள் குழந்தை எந்நிலையில் உள்ளது என்று ஆசிரியரைக் கேளுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதினும் அது பயனுள்ள கேள்வி.

முடிவாக, சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, எண் ஒப்பித்தற் போட்டியை இவ்வாண்டோடு நிறுத்துக. அதற்கு மாறாக, குழந்தைகள் பெற்றோருடன் அமர்ந்து பல்லாங்குழியும் கட்ட ஆட்டமும் ஆடும் நாள் ஒன்றை ஏற்படுத்துக. வந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பரிசளிக்க. இரண்டாவது, கட்டம் போட்ட துணிக்கு நம்மூரிற் பஞ்சமில்லை. ஒரே வரிசையிற் பத்துக் கட்டம் அமைந்த சிறு துணியில் 1 முதல் 10 வரை இலக்கம் தைத்து, வீட்டுக்கு ஒன்று வழங்குக. மூன்றாவது, தந்தைமாரே, தறி நின்றபின் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் குழந்தையுடன் தரையில் அமர்க. கற்பிப்பது தாயின் வேலை என்று ஒதுங்கற்க.

முதற் பரிசு பெற்ற அக்குழந்தையின் வீட்டுக்குப் பின்னர் யாம் சென்றோம். பாட்டியாருடன் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தது. சில மாதங்கள் கழிந்தபின் மீண்டும் சென்றபோது, “தாத்தாவுக்கு ஏழு கொட்டை கொடு” என்றார் பாட்டியார். மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஏழாவதில் நிறுத்தி, “ஏழு, போதும்” என்றது. நூறு வரை ஒப்பித்த நாளில் யாம் கைதட்டினோம். ‘போதும்’ என்று நிறுத்திய அன்றே மெய்யாக மகிழ்ந்தோம்.

 நம் குழந்தைகள் எண்ணறிந்து, ஏற்றமுற்று, நெடிது வாழ்க!