ஒரு மாதம், நான்கு புத்தகங்கள்: போவன்பள்ளித் தோழர் ஒருவரின் வாசிப்பு

(சிவப்புப் புத்தக தினத்தையொட்டி, செகந்திராபாத் போவன்பள்ளியில் தமிழ்த் தோழர்களின் வாசகர் வட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1848 பிப்ரவரி 21 அன்று கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை லண்டனில் வெளிவந்தது. அந்த நாளைப் புத்தக வாசிப்பின் நாளாக உலகெங்கும் இடதுசாரிகள் கடைப்பிடித்து வருகின்றனர். உலகத் தாய்மொழி தினமும் அதே நாள்தான். தமிழில் அந்த அறிக்கை 1931 அக்டோபரில் பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் வெளிவரத் தொடங்கியது. மொழிபெயர்ப்பின் வழியாகவே மார்க்சியம் தமிழ் உழைப்பாளி மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதை இந்நாளில் நினைவுகூர்வது பொருத்தம்.

இன்றைய உரை தலைவர்களின் வாசிப்பைப் பற்றியதன்று. இந்த வட்டத்தைச் சேர்ந்த ஒரு தோழரின் ஒரு மாத வாசிப்பைப் பற்றியது. அவர் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் மண்டிக் கணக்கு எழுதுபவர். கண்டோன்மெண்ட்டோடு இங்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்றாம் தலைமுறை. விடியுமுன் லாரிகள் வரும். பத்து மணிக்குள் ஏலம் முடிந்துவிடும். பிற்பகலில் கிடைக்கும் இரண்டு மணி நேரமே அவருடைய வாசிப்பு நேரம். ஒரு மாதத்தில் நான்கு நூல்களைப் படித்து, ஒரு பழைய பேரேட்டில் குறிப்பெழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளே இந்த உரைக்கு ஆதாரம்.

கடன் என்னும் விலங்கு

முதல் நூல் ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலின் தமிழாக்கம், மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் கொடுத்து மலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட மக்கள், குளிரிலும் காய்ச்சலிலும் மடிந்த கதை அது.

தோழர் தம் குறிப்பில் நோயைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கணக்கைப் பற்றியே எழுதினார். ஆண்டு முழுதும் உழைத்த பிறகும் தொழிலாளியின் பெயரில் பாக்கி நிற்கிறது. அந்தப் பேரேட்டை எழுதியவனும் தம்மைப்போல் ஒரு கணக்குப்பிள்ளைதான் என்று அவர் குறித்திருக்கிறார். சந்தையில் மூட்டை சுமக்கும் ஹமாலிகளுக்குக் கொடுக்கப்படும் முன்பணம் அவருடைய கையால்தான் பதிவாகிறது. இந்த நாவலைப் படித்த வாரத்தில், மூன்று ஹமாலிகளின் கணக்கை அவர்களுக்கே உரக்கப் படித்துக் காட்டினார். தம் பாக்கி எவ்வளவு என்பதை அவர்களில் இருவர் அன்றுதான் முதன்முறையாக அறிந்தனர்.

சுவடியும் சாவியும்

இரண்டாம் நூல் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற தன்வரலாறு. கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர், “மடத்துப் புலவரின் வாழ்க்கை நமக்கு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1920 அக்டோபரில் இளம் கம்யூனிஸ்டுகளிடையே பேசிய லெனின், மனிதகுலம் படைத்த அறிவுச் செல்வம் அனைத்தையும் கற்றுச் செரிக்காமல் எவரும் கம்யூனிஸ்ட் ஆக முடியாது என்ற கருத்தையே வலியுறுத்தினார்.

தோழரின் வாசிப்பு வழிபாடாக அமையவில்லை. வறுமையினூடே ஊர் ஊராகச் சென்று பாடம் கேட்ட மாணவனின் உழைப்பையும், 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னிருந்த பல ஆண்டுக் கடும் முயற்சியையும் அவர் மதிக்கிறார். அதே வேளையில், ஏடுகள் மடங்களிலும் சில குடும்பங்களின் பரண்களிலும் அடைபட்டுக் கிடந்ததையும் காண்கிறார். சாவி யாரிடம் இருந்தது, கதவருகே நிற்கவும் உரிமையற்றிருந்தவர்கள் யார் என்ற கேள்விகளை நூல் எழுப்பவில்லை. வாசகர்தாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். அச்சு இயந்திரம் அந்தக் கதவைத் திறந்தது என்பதால்தான், பனையோலையையே தொட்டறியாத குடும்பத்தில் பிறந்த ஒரு கணக்குப்பிள்ளை இன்று சிந்தாமணியைப் பற்றிப் பேச முடிகிறது.

இரண்டு தெலங்கானா நூல்கள்

மூன்றாவதும் நான்காவதும் இந்த மண்ணின் நூல்கள். ஒன்று, தோழர் பி. சுந்தரய்யா எழுதி 1972இல் வெளிவந்த தெலங்கானா மக்கள் போராட்ட வரலாறு. நிஜாம் ஆட்சியில் தேஷ்முக்குகளும் ஜாகீர்தார்களும் சாதிவாரியாகப் பெற்ற வெட்டி உழைப்பு, 1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டது, 1951 வரை நீண்ட ஆயுதப் போராட்டம் ஆகிய அனைத்தையும் அது விரிவாகப் பதிவு செய்கிறது. சுமார் மூவாயிரம் கிராமங்கள், மறுவிநியோகம் செய்யப்பட்ட பத்து லட்சம் ஏக்கர் நிலம், உயிரிழந்த நான்காயிரம் பேர் என்னும் கணக்கும் அதில் உண்டு. பெண்களின் பங்கைப் பற்றித் தனி அத்தியாயமும் உண்டு.

மற்றொன்று, ஸ்த்ரீ சக்தி சங்கடன என்னும் பெண்கள் குழு 1986இல் தெலுங்கில் வெளியிட்ட நூல். ‘நமக்குத் தெரியாத நமது வரலாறு’ என்பது அதன் பெயரின் பொருள். போராட்டத்தில் பங்கேற்ற பெண்கள் தம் வாயால் சொன்னவற்றின் தொகுப்பு. தோழருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அவருடைய பேத்திக்குத் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்க வரும். தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே பேத்தி படிக்க, தாத்தா கேட்டார். அவர் தமிழில் விளக்கம் சொல்ல, அவள் கேட்டாள்.

பாலகுர்த்தியைச் சேர்ந்த சலவைத் தொழிலாளி ஐலம்மாவின் நிலத்தையும் விளைச்சலையும் விசுனூர் தேஷ்முக் பறிக்க முனைந்ததும், சங்கத்தார் திரண்டு அவருடைய அறுவடையைக் காத்ததும் வந்த இடத்தில் பேத்தி மகிழ்ந்தாள். காட்டில் தலைமறைவாக இருந்தபோது கைக்குழந்தையைப் பிரிய நேர்ந்த ஒரு பெண்ணின் பேச்சு வந்தபோது அவளுடைய குரல் தடுமாறியது. போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு, ஆயுதம் ஏந்திய பெண்களும் ஊர் ஊராகச் செய்தி கொண்டு சென்ற பெண்களும் வீட்டுக்குத் திரும்பி அடுப்படியைப் பார்க்கும்படியானதை அவர்கள் கசப்போடு நினைவுகூரும் இடத்தில், அவள் நூலை மடித்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, அந்தப் பெரிய புத்தகத்தில் இந்தப் பாட்டிகள் இருக்கிறார்களா?”

தோழர் சுந்தரய்யாவின் நூலை மீண்டும் எடுத்துத் தேடினார். ஐலம்மா இருந்தார். பெண்கள் தாங்கிய சித்திரவதைகளும் அவர்கள் காட்டிய நெஞ்சுரமும் இருந்தன. ஆனால் பேத்தி கேட்டது அதையன்று. போராட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதே அவளுடைய கேள்வி. அதற்கு விடை, பெண்கள் பேசிய நூலில் மட்டுமே இருந்தது. “இருக்கிறார்கள், ஆனால் முழுதாக இல்லை” என்றுதான் தோழரால் சொல்ல முடிந்தது.

இதைக் கட்சி மீதான குற்றச்சாட்டு என்று கருதி ஒதுக்குவது எளிது. தோழரும் முதல் நாள் அப்படித்தான் கருதினார். பேரேட்டில் அவ்வாறே எழுதி, மறுநாள் அடித்திருக்கிறார். அந்தப் பெண்கள் இயக்கத்தை மறுத்துப் பேசவில்லை. தம் வாழ்வில் விடுதலையை உணர்ந்த காலம் அதுவே என்று நினைவுகூர்கிறார்கள். அந்த விடுதலை தொடராமல் போனதே அவர்களுடைய வருத்தம். அதைக் கேட்பது சுயவிமர்சனத்தின் ஒரு பகுதி. 2022இல் மறைந்த தோழர் மல்லு ஸ்வராஜ்யத்தின் குரலும் அந்தத் தொகுப்பில் உண்டு. அவர் இறுதிவரை செங்கொடியின் கீழ் நின்றவர் என்பதை இங்குள்ளோர் அறிவர்.

இனிச் செய்ய வேண்டியவை

தோழர்களே, இந்த ஒரு மாத வாசிப்பு மூன்று பணிகளை முன்வைக்கிறது.

ஒன்று, தெலங்கானாவைப் பற்றிய இவ்விரு நூல்களையும் வாசகர் வட்டத்தில் சேர்த்தே விவாதிக்க வேண்டும். அந்த விவாதத்தில் பெண் தோழர்கள் முதலில் பேச வேண்டும். இன்றைய கூட்டத்திலும் தேநீர் போடும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் திரும்பிப் பார்ப்பது நல்லது.

இரண்டு, சந்தையில் ஹமாலிகளின் முன்பணக் கணக்கை அவர்களுக்கே வாசித்துக் காட்டும் வேலையை ஒரு தோழரின் தனிமுயற்சியாக விட்டுவிடக் கூடாது. அதைத் தொழிற்சங்கம் ஏற்க வேண்டும்.

மூன்று, செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பங்களில் அடுத்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போகிறது. மூத்த தலைமுறைக்குத் தெலுங்கு எழுத்து தெரியவில்லை. இரு மொழிகளையும் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இந்த வட்டமே தொடங்கலாம். ஜீவா மொழிபெயர்த்ததால்தான் பகத் சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ 1930களிலேயே தமிழரைச் சென்றடைந்தது. அத்தகைய பணிக்கு இரு மொழியும் அறிந்தவர்கள் இனியும் தேவை.

தோழரின் பேரேட்டில் கடைசிப் பக்கம் அவருடைய கையெழுத்தில் இல்லை. அதில் பேத்தி தமிழில் ‘ஐலம்மா’ என்று எழுதிப் பழகியிருக்கிறாள். முதல் வரியில் ‘ஐ’ தலைகீழாக இருக்கிறது. நான்காம் வரியில் சரியாகிவிட்டது. அதற்குக் கீழே தாத்தா அதே பெயரைத் தெலுங்கில் எழுத முயன்றிருக்கிறார். அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. வகுப்பு தொடங்கினால் முதல் மாணவராகத் தாம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.