கிளட்சா? கியர் பெட்டியா?



பழைய பிக்கப் வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் நீங்கள். வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். நடுவழியில் நின்றால் வாடகை போகும். ஏற்றிய சரக்கு அழுகும். கடன் தவணை தள்ளிப்போகும்.

ஓர் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் கோலார் தங்கவயல். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. மகன் கடன் வாங்கி ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தார். கோலார் சந்தையில் தக்காளி ஏற்றுவார். முல்பாகல், பலமநேர், சித்தூர் வழியாகச் சென்னை கோயம்பேட்டுக்குப் போவார்.

ஒருநாள் சென்னையிலிருந்து சரக்கோடு திரும்பினார். மொகிலி மலைப்பாதையில் வண்டி ஏறியது. இன்ஜின் உறுமியது. ஆனால் வேகம் ஏறவில்லை. தீய்ந்த வாடை வந்தது. “கியர் பெட்டி போச்சு” என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

பட்டறைக்குப் போனார். “கியர் பெட்டியைத் திறந்து பாரு தம்பி” என்றார். மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே பல்சக்கரங்கள் நன்றாக இருந்தன. புது எண்ணெய் ஊற்றி அனுப்பினார். கூலி போயிற்று. ஒருநாள் வாடகையும் போயிற்று. கோளாறு மட்டும் போகவில்லை. அடுத்த மேட்டில் அதே உறுமல்!

கோளாறு கிளட்சில் இருந்தது. முதலிலேயே கவனித்திருந்தால் ஒரு நட்டைத் திருகிச் சரிசெய்திருக்கலாம். இப்போது கிளட்ச் தட்டே கருகிவிட்டது.

தப்பு எங்கே நடந்தது? வயிற்று வலிக்காரர் மருத்துவரிடம் போய், “தலைவலிக்கு மருந்து கொடுங்கள்” என்றால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடந்தது. வலி எங்கே, எப்போது என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கையைத் திருப்புங்கள். மற்ற கையும் கூடவே திரும்புகிறது, இல்லையா? பிடியைத் தளர்த்துங்கள். இப்போது ஒரு கை மட்டும்தான் திரும்பும். கிளட்ச் இப்படித்தான் வேலை செய்கிறது. காலை எடுத்தால் இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும். மிதித்தால் பிரியும்.

இனி, வண்டி காட்டும் அடையாளங்களைப் பார்ப்போம்.

1. மேட்டில் இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. தீய்ந்த வாடையும் வருகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கிளட்சை இலேசாக மிதித்துப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் இலகுவாக இறங்க வேண்டும். பிறகுதான் இறுக வேண்டும். அந்தத் தூரத்தை மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்கள். பல பழைய வண்டிகளில் பிளே இல்லாமல் போனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. பிளே எவ்வளவு வேண்டும்? அது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 10 மில்லிமீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர். பிளே சரியாக இருந்தும் வழுக்கினால், தட்டு தேய்ந்திருக்கலாம். தட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம்.

2. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். எளிதாக விழுகிறதா? அப்படியானால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம். எண்ணெயில் இயங்கும் கிளட்ச் என்றால், அதன் சிறு டப்பாவில் எண்ணெய் குறைந்திருக்கலாம். அதில் இன்ஜின் ஆயில் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

3. வண்டி நிற்கிறது. நியூட்ரலில் இன்ஜின் ஓடுகிறது. ஏதோ இரைச்சல் கேட்கிறது. கிளட்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால், கியர் பெட்டி பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். மிதித்ததும் சத்தம் வந்தால், கிளட்சின் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

4. ஒரே ஒரு கியர் மட்டும் மாற்றும்போது கரகரக்கிறது. மற்றவை ஒழுங்காக விழுகின்றன. இது கிளட்ச் அல்ல. கியர் பெட்டிக்குள் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கலாம். போட்ட கியர் தானாகக் கழன்று வந்தாலும் பெரும்பாலும் கியர் பெட்டிக் கோளாறுதான்.

தானாகக் கழலும் கியரோடு மலையிறக்கத்துக்குப் போகாதீர்கள். கியரில் இருக்கும்போது இன்ஜினும் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியர் கழன்றால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இதே ஆபத்துதான். மிச்சமாகும் டீசலைவிட உயிர் பெரிது.

கியர் பெட்டி எண்ணெயையும் மறக்காதீர்கள். எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயைப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறத் துகள் கொஞ்சம் இருந்தால் பயமில்லை. அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் இருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.

கிளட்ச் நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்? ஓட்டும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். மேட்டில் நிற்கும்போது வண்டியைக் கிளட்சில் தாங்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். அளவுக்கு மேல் சரக்கு ஏற்றாதீர்கள்.

தங்கவயல் ஓட்டுநர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? வண்டியில் 40 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். வண்டியில் ஏதாவது மாறுதல் தெரிந்தால், ஓரமாக நிறுத்திவிட்டு எழுதுகிறார். எப்போது சத்தம் வந்தது? எந்தக் கியரில்? மேட்டிலா, சமதரையிலா? மிதித்தாலா, விட்டாலா?

பிறகு ஒருநாள் அந்த நோட்டை மெக்கானிக்கிடம் நீட்டினார். அதில் இரண்டே வரிகள் இருந்தன.

“கிளட்ச் மிதித்தால் சத்தம். விட்டால் இல்லை.”

மெக்கானிக் படித்தார். தானும் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். “ரிலீஸ் பேரிங்தான் அண்ணே. கியர் பெட்டியை இறக்கணும். ஆனா பிரிக்க வேண்டாம்” என்றார்.

அன்று மாலையே வண்டி தயார். இரவு தக்காளி ஏறியது. விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர்ந்தது.

உங்கள் வண்டியிலும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எழுதக் கற்றது கையெழுத்துப் போட மட்டும் அல்ல.