நாற்சந்தி நெறி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் அரங்கேறும் இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச நாம் எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொழில் நாடித் தலைநகருக்கு வந்து இக்காலனியில் குடியமர்ந்த நாம், கோயிலிலும் சங்கக் கூடத்திலும் ஒருவரையொருவர் காண்பது விழா நாள்களில்தான். அன்றாடம் காண்பதோ சாலைச் சந்தியில். காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பேருந்தும், அலுவலகம் செல்லும் காரும், பால்காரரின் மோட்டார் சைக்கிளும், மெட்ரோ நிலையத்துக்கு விரையும் பேட்டரி ரிக்‌ஷாவும் நான்கு திசைகளிலிருந்தும் அங்கே வந்து கூடுகின்றன. விளக்கில்லை, காவலரும் இல்லை. இவற்றுள் முதலிற் செல்ல வேண்டியது எது? இவ்வினாவுக்குத் தடுமாறாமல் விடை சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்?

தமிழ் இலக்கணம் பயின்றோருக்குச் சந்தி புதிதன்று. இரு சொற்கள் கூடுமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று மாற்றங்கள் நேரும் எனப் பள்ளியிலேயே படித்தோம். சாலைச் சந்தியிலும் இம்மூன்றும் உண்டு. எதிர்பாராத வண்டி தோன்றும். நேரே செல்லும் என நினைத்த வண்டி திரும்பும். விதியறியாவிடின் கெடுதலும் நேரும்! எழுத்துகள் கூடுவதற்கே விதி வகுத்த மரபினராகிய நாம், உயிர்கள் கூடுமிடத்து விதியை அறியாதிருத்தல் முறையாகுமோ?

விதி புதியதன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் பத்தாம் அட்டவணையிலேயே அது இருந்தது. பின்னர் 1988ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989இல் சாலை ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. 2017இல் அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. சட்டங்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை. அதனை மூன்று வாக்கியங்களில் அடக்கலாம்.

முதலாவது, சந்தியை அணுகும் எவரும் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். இரண்டாவது, நாம் நுழையும் சாலை முதன்மைச் சாலை எனக் குறிக்கப்பட்டிருப்பின், அதில் செல்லும் வண்டிகளுக்கு வழிவிடல் வேண்டும். மூன்றாவது, அவ்வாறு குறிக்கப்படாத சந்தியில், நம் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிடல் வேண்டும்.

வலப்புறத்துக்கு ஏன் இச்சிறப்பு? நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பாதியிற் செல்கின்றன. ஆகவே குறுக்குச் சாலையொன்றைக் கடக்கும்போது நாம் முதலிற் காலெடுத்து வைப்பது அதன் அருகுப் பாதியில். அப்பாதியில் வரும் வண்டி நம் வலப்புறத்திலிருந்தே வருகின்றது. இடப்புறத்து வண்டி அப்பால் உள்ள பாதியில் வருவதால், அதனைக் கண்டு நிற்கச் சிறிது இடமும் நேரமும் கிடைக்கும். வலப்புறத்து வண்டியோ மிக அருகில் வந்துவிடும். எனவே இவ்விதி யாரோ மனம்போன போக்கில் எழுதியதன்று. சாலையின் அமைப்பிலிருந்தே பிறந்தது.

கோல் சக்கர் என இவ்வூரார் வழங்கும் வட்டச் சந்திக்கும் இதே அடிப்படைதான். வட்டத்துள் ஏற்கெனவே சுற்றி வரும் வண்டி, நுழைவோரின் வலப்புறத்தில் வருகின்றது. நுழைவோர் காத்திருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 1966ஆம் ஆண்டில்தான் இது பொது விதியாயிற்று. அதற்கு முன் புதியவர்கள் முண்டியடித்து நுழைய, உள்ளிருந்தவர்கள் வெளியேற வழியின்றி, வட்டமே பூட்டியதுபோல் நின்றுவிடுவதுண்டு.

போக்குவரத்துப் பொறியியலார் நாற்சந்தி ஒன்றில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று உரசக்கூடிய புள்ளிகள் 32 எனக் கணக்கிடுவர். அவற்றுள் 16 ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவன. மிகக் கொடிய மோதல்கள் நிகழ்வது அங்கேதான். முச்சந்தியில் மொத்தப் புள்ளிகள் 9. ஒற்றைத் தட வட்டச் சந்தியில் 8. அவற்றுள் குறுக்கே வெட்டுவது ஒன்றேனும் இல்லை. நம் காலனியின் நாற்சந்தி சிறியதாயினும் அந்த 32 புள்ளிகளும் அதனுள் அடங்கியே கிடக்கின்றன.

இனி நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துக்கு வருகின்றோம். மக்கள் பேச்சில் இது 'வழி உரிமை' எனப்படுகின்றது. ஆனால் 1939இன் விதியும் சரி, 1989இன் விதியும் சரி, 'வழிவிடுக' என்றே ஆணையிட்டன. ஓட்டுநர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கடமையைச் சுட்டின. பிறர் அக்கடமையைச் செய்தபின்னரே நமக்கு வழி கிடைக்கின்றது. அவர் செய்யத் தவறினால், உரிமை நமதென்று பாய்வதால் கிடைப்பது மருத்துவமனைப் படுக்கையே. நீதியும் இதனை ஒட்டியே நிற்கின்றது. வலப்புறத்திலிருந்து வந்தார் என்பதனால் மட்டும், வேகம் குறைக்காதவர் பொறுப்பினின்று நீங்கிவிடார். இழப்பீட்டு வழக்கில் இரு தரப்பினரின் கவனக்குறைவும் எடைபோடப்படும். தம் பங்கு தவற்றுக்கேற்ப இழப்பீடும் குறையும்.

இவ்விதியில் ஓர் இடைவெளியும் உண்டு. நான்கு திசைகளிலிருந்தும் நான்கு வண்டிகள் ஒரே கணத்தில் வந்து நின்றால், ஒவ்வொருவர்க்கும் வலப்புறத்தில் ஒருவர் இருப்பார். விதிப்படி நால்வரும் காத்திருக்க வேண்டியதே! இலக்னோ நகரத்துக் கனவான்கள் இருவர் 'பெஹலே ஆப், பெஹலே ஆப்' என்று ஒருவரையொருவர் உபசரித்துக் கொண்டிருக்கையில் ரயில் புறப்பட்டுவிட்டது என்ற வேடிக்கைக் கதையை வடநாட்டில் வாழும் நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அந்த நிலையில் உதவுவது பண்பாடுதான். ஒருவர் கையசைத்து மற்றவரை அனுப்பினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். எஞ்சிய மூவர்க்கும் முறை தானே வந்துவிடும்.

தவறான நம்பிக்கைகள் சில நம்மிடையே வேரூன்றியுள்ளன. ஹாரன் அடித்தவர்க்கே வழி என்பது ஒன்று. விளக்கை முதலில் மினுக்கியவர்க்கே வழி என்பது மற்றொன்று. பெரிய வண்டிக்குச் சிறியது ஒதுங்க வேண்டும் என்பது மூன்றாவது. இவை எதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஹாரன் 'யாம் வருகின்றோம்' என்று அறிவிக்கும். 'நீர் நில்லும்' என்று ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்சு போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டுமே அனைவரும் ஒதுங்கி வழிவிடல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அவற்றுக்கு வழிவிடத் தவறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு.

வேகம் குறைத்தலின் பயனை எளிய கணக்கொன்றால் விளக்குவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எனக் கொண்டால், அதற்குள் வண்டி 10 மீட்டர் ஓடிவிடும். பின்னர் நிற்பதற்கு, உலர்ந்த நல்ல சாலையில், ஏறத்தாழ மேலும் 10 மீட்டர். ஆக 20 மீட்டர். வேகத்தை 18 ஆகக் குறைத்தால் முதற் பகுதி 5 மீட்டர். இரண்டாம் பகுதியோ கால்பங்காகி இரண்டரை மீட்டர். ஆக ஏழரை மீட்டரில் வண்டி நின்றுவிடும். வேகம் பாதியானால் நிற்கும் தொலைவு பாதியினும் குறைகின்றது. பந்தின் பின்னே ஓடிவரும் குழந்தைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்பது இந்த வேறுபாடே.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என மத்திய அரசின் கணக்கு கூறுகின்றது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அவ்வெண்ணிக்கையில் நம் காலனிப் பிள்ளைகளுள் ஒருவரும் சேர்ந்துவிடக் கூடாதன்றோ?

எனவே இவ்வாண்டு நாம் செய்யத்தக்கவை சில. முனை வீட்டார் தம் செடிவேலியை இடுப்பளவுக்கு மேல் வளரவிடாது வெட்டிவிடுக. வேலிக்கு அப்பால் வருவது வலப்புறத்து ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். சந்தியிலும் அதன் அருகிலும் காரை நிறுத்துதல் சட்டத்துக்கும் புறம்பு, அண்டை வீட்டார்க்கும் கேடு. முதன்மைச் சாலை எது என்பதைக் காட்டத் தலைகீழ் முக்கோணப் பலகை நட வேண்டுமென்று மாநகராட்சிக்கு நாமே ஒன்றுகூடி விண்ணப்பிப்போம். 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடாதீர். 2019இன் திருத்தப்படி அத்தவற்றுக்குப் பெற்றோரே சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாவர். நடந்து செல்லும் முதியவர்க்கும் சைக்கிளிற் செல்லும் சிறுவர்க்கும் எப்போதும் நின்று வழிவிடுக.

புகார் நகரத்துச் சதுக்கத்தில் பூதமொன்று நின்று பொய்ச்சான்று கூறுவோரையும் பிற தீயோரையும் பற்றி விழுங்கியதாகச் சிலப்பதிகாரம் கூறும். நம் சந்தியில் பூதமும் இல்லை, காவலரும் இல்லை. தண்டிப்பார் இல்லாத இடத்திலும் நெறி தவறாதிருத்தலே நாகரிகம். நாளைக் காலை எட்டு மணிக்கு நாம் அனைவரும் அந்நாற்சந்தியில் மீண்டும் சந்திக்கப் போகின்றோம். அப்போது வேகத்தைக் குறைத்து, வலப்புறம் நோக்கி, வருவோர்க்கு வழிவிடுவோமாக.