கை சரியாகிவிட்டது, வருத்தம் போகவில்லை

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தொழில் செய்யும் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த தோட்டத்துப் பெற்றோரும் கூடிய சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாய் ஒரு பக்கம் கோணும். கையிலிருந்த கோப்பை விழும். பேச்சு குழறும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். "பித்தம்தான், சரியாப் போச்சு" என்று ஆள் எழும்பி வேலையைப் பார்ப்பார். அது பித்தம் அல்ல. மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டதால் வந்த சிறு பாரிசவாதம்.

இதற்குப் பின்னால் பெரிய பாரிசவாதம் வரலாம். முதல் சில நாட்களில்தான் அந்த ஆபத்து அதிகம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்குத் தாமதமின்றி வைத்தியம் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மறுபடி பாரிசவாதம் வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தார்கள். ஆகவே கை சரியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு என்ன நடக்கிறது? அப்பாவுக்கு இங்கே மகன் வீட்டில் வருத்தம் வருகிறது. இங்கே வைத்தியம் செய்கிறார்கள். அவர் தோட்டத்துக்குத் திரும்புகிறார். குளிசை முடிகிறது. கிளினிக் திருகோணமலையில், ஆள் லயத்தில். அப்படியே விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து.

வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வையுங்கள். "நான் தோட்டத்துக்குப் போறேன், அங்க கிட்ட உள்ள கிளினிக்குக்கு எழுதித் தாங்க" என்று டொக்டரிடம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். குளிசை முடிவதற்கு முன்பே அந்தக் காட்டோடு அங்கே போய்ப் பதியுங்கள்.

பிரசர் குளிசையையும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசையையும் சுகம் என்று நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் அஸ்பிரினை வாங்கிப் போடவும் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அது கெடுதல் செய்யும்.

கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடும் என்று கவலைப்படுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஆள் படுக்கையில் விழுந்தால் அவருடைய பேரும் போகும், பார்க்கிறவருடைய பேரும் போகும். அது ஒரு நாளோடு முடியாது.

திருகோணமலைக் கருவாட்டை மலைக்குக் கொண்டுபோகாதவர்கள் குறைவு. ருசிதான், ஆனால் உப்பு பிரசரை ஏற்றும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லா உப்பும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். பீடி, சுருட்டு, புகையிலை, சாராயம் இவற்றை விட வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இந்த வருத்தத்துக்குப் பிறகு ஆள் சீக்கிரம் களைப்பார். மறதி வரும், காரணமில்லாமல் அழுகை வரும். "சோம்பல்" என்று ஏசாதீர்கள். மூளை ஆறுகிற காலம் அது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்க விடுங்கள். சரிவுப் பாதையில் சுமையோடு தனியே அனுப்பாதீர்கள். குளிசை நேரத்தை நினைவுபடுத்தும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள்.

வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இதை இன்றைக்கே உங்கள் லயத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.